மொனாட்நாக் கட்டிடம்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

சிகாகோ டவுன்டவுன்ல ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேர்ற மூலையில பழுப்புக் கலர்ல ஒரு நீளமான செங்கல் கட்டிடம் நிக்குது, பேரு மொனாட்நாக். நான் வேலை பாக்குற இடத்துல இருந்து பத்து நிமிஷ நடை. ஊர்ல இருந்து அப்பா அம்மா, சித்தப்பா, காலேஜ் ஃபிரெண்ட்ஸ்னு யார் வந்தாலும் அங்க கூட்டிட்டு போயிடுவேன், வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோ போடுவேன், உடனே கேள்வி வரும். பல வருஷமா கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் சேர்த்து இங்க போட்டிருக்கேன். வரிசையா படிங்க, பின்னாடி இருக்குற பதிலெல்லாம் முன்னாடி சொன்னத வச்சுத்தான் போகுது.

இதுல அப்படி என்னப்பா இருக்கு? சாதாரண செங்கல் பில்டிங் மாதிரிதானே தெரியுது?

என் சித்தப்பா முதல் தடவை பாத்துட்டு கேட்டது. பக்கத்துல இருக்குற கண்ணாடி டவர்கள பாத்துட்டு இத பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா இது 1891ல முடிஞ்ச கட்டிடம், 16 மாடி, 215 அடி. நம்ம மவுன்ட் ரோடு எல்ஐசி 1959ல தொறக்குறப்போ 177 அடி, அதையே ஊரே அண்ணாந்து பாத்துச்சு. அதுக்கு 68 வருஷம் முன்னாடி இவ்ளோ உயரத்த செங்கல் வெளிச்சுவர நம்பி ஏத்தியிருக்காங்க.

இன்னொரு விஷயம், இது பாக்க ஒரே கட்டிடம், ஆனா ரெண்டு பாதி. வடக்குப் பாதி 1889ல ஆரம்பிச்சு 1891ல முடிஞ்சது, அதோட வெளிச்சுவர்தான் பாரத்த தாங்குது. தெற்குப் பாதி 1893ல முடிஞ்சது, அங்க பாரத்த தாங்குறது இரும்புச் சட்டம், அதாவது ஃபிரேம். ரெண்டே வருஷ வித்தியாசம். அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள இந்த ஒரே கட்டிடத்துல, மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா சுவர் எழுப்பிட்டு வந்த முறையே மாறிப்போச்சு, அது மாறின இடத்த நீங்க பிளாட்ஃபாரத்துல நின்னு கையால தொட்டுப் பாக்கலாம். உலகத்துல வேற எங்க இப்படி ஒட்டுன மாதிரி பாக்க முடியும்னு எனக்குத் தோணல.

பேரு வாய்லயே நுழையலையே, யாரோட பேரு அது?

ஆளோட பேர் இல்ல, மலையோட பேர். அமெரிக்காவோட வடகிழக்குல நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு மாநிலம், அங்க இருக்குற மொனாட்நாக் மலை. அந்த மண்ணோட பூர்வகுடிங்களான அபெனாக்கி மக்களோட பாஷையில இருந்து வந்த சொல்லு. சுத்தி எல்லாம் தேஞ்சு தரைமட்டமா போனதுக்கப்புறம் தனியா நிக்குற மலைக்கு புவியியல்ல பொதுப்பேராவே இத வச்சிருக்காங்க.

நாலு தனித்தனி கட்டிடமாத்தான் கணக்கு போட்டாங்க, நாலுக்கும் அந்தப் பக்கத்து மலைங்க பேருதான்: மொனாட்நாக், கியர்சார்ஜ், கட்டாடின், வாச்சூசெட். முதல் ரெண்டும் வடக்குப் பாதி, அடுத்த ரெண்டும் தெற்குப் பாதி. கடைசியில மூணு பேரு மறந்துபோய் ஒரு பேரு மட்டும் மொத்தத்துக்கும் நின்னுடுச்சு.

கட்டினது யாரு? கவர்மென்ட் ஆபீஸா?

இல்ல, முழுக்க வாடகைக்கு விடுறதுக்காக தனியார் கட்டினது. பாஸ்டன்ல பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், கப்பல் இன்ஷூரன்ஸ்ல சம்பாதிச்ச குடும்பம். அவங்க சிகாகோல நேர்ல உக்காந்து தொழில் பண்ணல, ஓவன் ஆல்டிஸ்னு ஒரு வக்கீல ஏஜென்ட்டா வச்சுக்கிட்டு லெட்டர்லயே எல்லாத்தையும் நடத்தினாங்க. ஜன்னல் எப்படி இருக்கணும், பைப் எங்க போகணும்னு வரைக்கும் லெட்டர். அந்த லெட்டருங்க இருக்குறதாலதான் இந்தக் கட்டிடத்த பத்தி நமக்கு இவ்ளோ தெரியுது.

வடக்குப் பாதிய டிசைன் பண்ணது டேனியல் பர்ன்ஹாமும் ஜான் வெல்போர்ன் ரூட்டும். பர்ன்ஹாம் ஆளுங்கள பிடிக்கிறது, காரியத்த முடிக்கிறதுல கெட்டிக்காரர், ரூட்தான் பென்சில் பிடிச்சவர். இதே ஓனருங்களுக்கு முன்னாடி மான்டாக்னு ஒரு பத்து மாடி கட்டிடமும், ரூக்கரின்னு இன்னொன்னும் போட்டுக் குடுத்தவங்க. மான்டாக் 1902லயே இடிச்சாச்சு. ரூக்கரி இன்னும் இருக்கு, நடந்து போற தூரம்தான், நேரம் இருந்தா அதையும் பாத்துடுங்க.

சிகாகோல மட்டும் ஏன் அந்தக் காலத்துலயே இவ்ளோ உயரமா கட்ட ஆரம்பிச்சாங்க?

நெருப்புல இருந்து ஆரம்பிக்கணும். 1871 அக்டோபர்ல ஊர்ல பெரிய தீ, சுமார் 300 பேர் செத்தாங்க, 17,000க்கு மேல கட்டிடம் போச்சு, ஒரு லட்சம் பேர் வீடில்லாம நின்னாங்க. டவுன்டவுன் மொத்தமா வெறும் நிலம். அதே சமயம் நாட்டோட ரயில் பாதையெல்லாம் வந்து சேர்ற ஊரு இது, தானியம், மாடு, மரம்னு வியாபாரம் நிக்கவே இல்ல. எல்லாருக்கும் அந்த ஒரு சின்ன டவுன்டவுன்லயே ஆபீஸ் வேணும், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ரயில்வே யார்டு. நிலம் விலை ஏறுச்சுன்னா பக்கவாட்டுல போக முடியாது, மேலதான் போகணும்.

மேல போனா ஏறுறது யாரு? அதுக்கு பதில் லிஃப்ட். எலிஷா ஓட்டிஸ் 1854ல நியூயார்க்ல, கயிற அறுத்தாலும் கீழ விழாத லிஃப்ட்ட கூட்டத்துக்கு முன்னாடி ஏறி நின்னு காட்டினார். அது வர்றதுக்கு முன்னாடி அஞ்சாவது மாடின்னா வாடகையே வராது, அது வந்தப்புறம் மேல் மாடிக்குத்தான் கிராக்கி, ஏன்னா வெளிச்சம், காத்து, தெரு சத்தம் இல்ல, நிலக்கரி புகையும் கொஞ்சம் கம்மி.

சுவர் ஆறு அடி கனம்னு சொல்றியே, நிஜமாவா? எதுக்கு அவ்ளோ?

நிஜம்தான். தரை மட்டத்துல 6 அடி, மேல போகப்போக மெலிஞ்சு உச்சியில 18 இன்ச். நம்ம ஊர்ல வீடு கட்டுறப்போ வெளிச்சுவர் ஒன்பது இன்ச், உள்சுவர் நாலரை இன்ச்னு மேஸ்திரி சொல்வார்ல, அந்த ஒன்பது இன்ச் சுவர எட்டு வரிசை ஒட்டி வச்சா எவ்ளோ வருமோ அதான் இங்க கீழ இருக்குறது. ஜன்னல் ஓரமா நின்னு கைய வெளிய நீட்டினா கூட சுவரோட மறுபக்கம் எட்டாது.

காரணம் ரொம்ப சிம்பிள். பில்லர் பீம் போட்ட வீட்ல சுவர் வெறும் மறைப்புதான், தட்டி எடுத்தாலும் வீடு நிக்கும். இங்க வெளிச்சுவர்தான் பில்லர். 16வது மாடியோட எடைய 15வது மாடி சுவர் தாங்கணும், அது ரெண்டோட எடைய 14வது தாங்கணும், இப்படியே கீழ வரவர சேர்ந்துக்கிட்டே வரும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடின்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட இதே உயரம், அதுவும் கல்லு மேல கல்லு நிக்கிற இதே கணக்குதான். ஆனா அங்க அகலமான அடித்தளத்துல ஆரம்பிச்சு உள்பக்கமா சரிஞ்சுக்கிட்டே போகும், உள்ள ஒரு சாமிக்கு இடம் இருந்தா போதும். இங்க 16 மாடியிலயும் ஆள் உக்காந்து வேலை பாக்கணும், நேரா செங்குத்தா ஏறணும், ஜன்னல் வேற நூத்துக்கணக்குல வேணும். அந்த நெருக்கடிதான் இந்த சுவர்.

உள்பக்கம் மட்டும் இரும்புத் தூண்களும் உத்தரமும் இருக்கு. அதனால முழுக்க செங்கல்னு சொல்றது சரியில்ல. வெளிச்சுவர் செங்கல், உள்ள இரும்பு.

அப்போ அவங்களுக்கு இரும்பு ஃபிரேம் தெரியாதா? 1885லயே வந்துடுச்சுன்னு படிச்சேனே அண்ணா?

தெரியும், நல்லாவே தெரியும். நீ படிச்சது ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டிடத்த பத்தி, வில்லியம் லெ பேரன் ஜென்னி கட்டினது, 10 மாடி, 138 அடி, இதே ஊர்ல கொஞ்சம் தள்ளி. பாரத்துல பெரும்பங்க இரும்புச் சட்டத்துக்கு மாத்தினது அதுலதான்னு சொல்லி நிறைய பேர் அதத்தான் முதல் வானளாவின்னு சொல்வாங்க. அது 1931ல இடிச்சாச்சு. பர்ன்ஹாம், ரூட் ரெண்டு பேருமே இரும்புல பழகினவங்கதான்.

செங்கல் சுவர்தான் வேணும்னு நின்னது ஓனர் பீட்டர் புரூக்ஸ். இத பிடிவாதம்னு நிறைய பேர் எழுதுறாங்க, எனக்கு அப்படித் தோணல. 1871 தீயில தீப்பிடிக்காதுன்னு விளம்பரம் பண்ண இரும்புக் கட்டிடங்க சூட்டுல வளைஞ்சு சரிஞ்சத ஊரே பாத்துச்சு. அதுக்கப்புறம் இரும்ப சுத்தி உள்ளீடற்ற சுடுமண் ஓடு பதிச்சு மூடுற முறை வந்தாச்சுதான், ஆனாலும் இரும்ப சுவருக்குள்ள மூடிட்டா அது துருப்பிடிக்குமா, அம்பது வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு சொல்ல அன்னிக்கு யாருகிட்டயும் அனுபவம் இல்ல. செங்கலுக்கு ரெண்டாயிரம் வருஷ சாட்சி இருக்கு. தன் குடும்பப் பணத்த பிள்ளைங்க காலத்துக்கும் போடுறவர் தெரிஞ்சத நம்பினார்.

வெளிய ஒரு வேலைப்பாடு கூட இல்லையே, காசு பத்தலையா?

இது எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. ரூட் முதல்ல போட்ட டிசைன்ல எகிப்து பாணி தாமரைப்பூ அலங்காரமெல்லாம் இருந்துச்சு. புரூக்ஸ் வேணாம்னுட்டார். அவர் லெட்டர்ல சொன்னதோட சாரம் இதான்: எதுவும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, எல்லாம் சமமா வழவழன்னு இருக்கணும், நீட்டினா அழுக்கு சேரும், கட்டிடத்துக்கு அதனால பலமும் கிடையாது, புறாவும் சிட்டுக்குருவியும் வந்து தங்கும். நிலக்கரி புகை மூடின ஊர்ல வாடகைக் கட்டிடம் வச்சிருக்குற ஆளோட கவலை அது, அவர் சொன்னது தப்பே இல்ல.

ரூட்டோட மச்சினி ஹாரியட் மன்றோ பின்னாடி எழுதினது ஒண்ணு இருக்கு. ரூட் லீவுல போயிருந்தப்போ பர்ன்ஹாம் ஒரு ஆள விட்டு எந்த அலங்காரமும் இல்லாம நேரா மேல போற மாதிரி ஒரு படம் போட வச்சாராம். திரும்பி வந்த ரூட்டுக்கு கோவம். அப்புறம் போகப்போக அந்த எண்ணமே அவர பிடிச்சுக்கிச்சு, எகிப்து பிரமிடோட கனமான சரிவுக் கோடு மனசுல இருக்கு, அலங்காரமே இல்லாம அப்படியே விட்டுடலாம்னு சொன்னாராம்.

அதுக்கப்புறம் அவர் பண்ணதுதான் பெரிய விஷயம். அலங்காரம் கூடாதுன்னா சுவரோட உருவத்துலயே அழக கொண்டு வரலாம்ல. கீழ முதல் மாடி முடியுற இடத்துல சுவர் லேசா உள்வாங்குது, வேஷ்டிக் கரை மடிஞ்ச மாதிரி ஒரு வளைவு. உச்சியில அதே மாதிரி வெளிப்பக்கமா விரியுது, எகிப்து தூணோட தலை மாதிரி. மூலை கீழ கூரா இருக்கும், மேல போகப்போக கொஞ்சம் கொஞ்சமா மழுங்கி அகலமாகும். இதுக்கெல்லாம் தனியா அச்சு செஞ்சு வளைஞ்ச செங்கல் சுட்டாங்க, சாதா செங்கல வெட்டி ஒட்ட வைக்கல. தூக்குக் குண்டு போட்டு நேர் பாத்தே பழகின கொத்தனார், வரிசைக்கு வரிசை நூலளவு மாறுற வளைவ 16 மாடிக்கு பிடிச்சு ஏத்தியிருக்கார்னா அந்தக் கைங்கள நெனச்சுப் பாருங்க. நான் எத்தன தடவ போனாலும் அந்த வடக்கு மூலையில தலைய தூக்கிப் பாக்காம வந்ததில்ல.

ரூட் இது முடிஞ்சத பாத்தாரா?

இல்ல. 1891 ஜனவரி 15ல நிமோனியா வந்து இறந்துட்டார், வயசு 41. கட்டிடம் அந்த வருஷம்தான் முடிஞ்சது. 1893 உலகக் கண்காட்சிக்கு சிகாகோவ தயார் பண்ற வேலையில அப்போ பர்ன்ஹாமோட சேர்ந்து மூழ்கியிருந்தார்.

கட்டிடம் மண்ணுக்குள்ள இறங்கிடுச்சாமே? உள்ள போக பயமா இல்லையா?

இறங்கினது உண்மை, பயப்பட ஒண்ணும் இல்ல. சிகாகோவுக்கு அடியில மெதுமெதுன்னு களிமண், கெட்டிப் பாறை ரொம்ப ஆழத்துல இருக்கு. அந்தக் காலத்துல அது வரைக்கும் தோண்டிப் போறது இந்த மாதிரி கட்டிடத்துக்கு வழக்கம் இல்ல. அதனால ரூட் மான்டாக் கட்டிடத்துல ஒரு வழி பண்ணார்: ரயில் தண்டவாளத்த வரிசையா அடுக்கி, அது மேல குறுக்கால இன்னொரு வரிசை, நடுவுல கான்கிரீட். கோலத்துக்கு புள்ளி வச்ச மாதிரி குறுக்கும் நெடுக்குமா. சேத்துல நடக்குறப்போ காலுக்கு அடியில பலகை போட்டா எப்படி புதையாம இருக்கோ அதே வித்தை, எடைய அகலமா பரப்பிடுறது. மொனாட்நாக்லயும் அதே முறைதான், சுவருக்கு வெளிய தெருவுக்கு அடியில 11 அடி வரைக்கும் அந்த அஸ்திவாரம் நீண்டு போகுது.

8 இன்ச் இறங்கும்னு முன்கூட்டியே கணக்கு போட்டு அதுக்கு ஏத்த மாதிரிதான் கட்டினாங்க. ஆனா வருஷக்கணக்குல மொத்தம் 20 இன்ச் கிட்ட இறங்கிடுச்சு. ஆறு அடி சுவரோட எடைன்னா சும்மாவா. அதனாலதான் சில இடத்துல தெருவுல இருந்து உள்ள போறதுக்கு படி இறங்க வேண்டியிருக்கு. மொத்தமா இறங்குறது ஆபத்து இல்ல, ஒரு பக்கம் மட்டும் இறங்கினாத்தான் விரிசல். இது 130 வருஷத்துக்கு மேல ஆகியும் நிக்குது.

காத்துக்கு ஆடாதா?

குறுகலா நீளமா உயரமா இருக்குற கட்டிடம், ஏரிக்காத்து வேற, அன்னிக்கு இன்ஜினியருங்களுக்கும் இதே கவலைதான். செங்கல் சுவரோட எடை ஒரு பக்கம் பிடிச்சுக்கும், அது போக உள்ள இருக்குற இரும்புத் தூணுங்களுக்கு நடுவுல குறுக்கால பலமான இரும்புப் பட்டைங்கள ரிவிட் அடிச்சு வாசக்கால் மாதிரி இறுக்கிட்டாங்க. காத்துக்காகன்னே இப்படி சட்டம் கட்டினது அமெரிக்காவுல இங்கதான் முதல் முயற்சின்னு சொல்வாங்க. சுவர் பழசு, உள்ள எலும்பு புதுசு.

தெற்குப் பாதிய ஏன் வேற ஆளுங்க கட்டினாங்க? ஏன் வேற மாதிரி இருக்கு?

ரூட் போயிட்டார், பர்ன்ஹாம் கண்காட்சி வேலையில மாட்டிக்கிட்டார், செங்கல் சுவரோட செலவும் ஓனர்களுக்கு உறைச்சிருக்கும். ஹோலபர்ட், ரோச்னு வேற கம்பெனிகிட்ட குடுத்தாங்க. அவங்க இரும்புச் சட்டத்துல போட்டாங்க, 17 மாடி. வடக்குப் பாதிய விட எடை கம்மி, செலவு கம்மி, வாடகைக்கு விட இடம் அதிகம்.

கலர் ஒண்ணா இருக்குறதால தூரத்துல இருந்து வித்தியாசம் தெரியாது. கிட்ட போய் தரை மட்டத்துல பாருங்க. வடக்குல ஜன்னல் எல்லாம் குகைக்குள்ள இருக்குற மாதிரி ஆழமா பதிஞ்சிருக்கும், தெற்குல கடைக் கண்ணாடி அகலமா, நடுவுல ஒல்லியா தூண். வடக்கு மொட்டையா இருக்கும், தெற்குல மேல கார்னிஸ் (உச்சியில வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற விளிம்பு), வளைவு, அலங்காரம் எல்லாம் திரும்பி வந்துடும். பழைய முறையில கட்டின பாதி பாக்க புதுசா இருக்கு, புது முறையில கட்டின பாதி பாக்க பழசா இருக்கு. இத எத்தன பேருக்கு காட்டியிருக்கேன், ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க.

உள்ள யாரெல்லாம் இருந்தாங்க? எவ்ளோ பேர்?

1893ல மொத்தமும் முடிஞ்சப்போ உலகத்துலயே பெரிய ஆபீஸ் கட்டிடம்னு சொன்னாங்க, 1,200 ரூம், 6,000 பேருக்கு மேல. இந்த ஒரு கட்டிடத்துக்குன்னு மட்டும் நாலு தபால்காரங்க, ஒரு நாளைக்கு ஆறு தடவ டெலிவரி. ஒரு தாலுகா ஆபீஸ் இருக்குற ஊரு மொத்தத்தையும் நிமித்தி வச்ச மாதிரின்னு நெனச்சுக்கோங்க.

அகலம் சுமார் 70 அடிதான், நடுவுல ஒரு நீளமான காரிடார், ரெண்டு பக்கமும் ரூம். இதுல ஆல்டிஸோட மூளை இருக்கு. கரண்ட் லைட் வந்த புதுசு, மங்கலா எரியும், அதனால ஜன்னல்ல இருந்து வர்ற வெளிச்சம் எட்டாத ரூமுக்கு நல்ல வாடகை வராது. குறுகலான நிலத்த எடுத்தா எல்லா ரூமுக்கும் ஜன்னல் கிடைக்கும். அதோட வெளிய புடைச்சுக்கிட்டு இருக்குற ஜன்னல் வரிசைய பாருங்க, அது மூணு பக்கமும் வெளிச்சம் பிடிக்கும், பிளாட்ஃபாரத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குறதால நிலத்துக்கு வெளிய கொஞ்சம் இடமும் சேர்த்துக் குடுக்கும். நீட்டக் கூடாதுன்னு சொன்ன புரூக்ஸுக்கு இந்த நீட்டல் மட்டும் ஓகே, வாடகை வருதுல்ல. மாடிப்படிக்கு அலுமினியம் போட்டிருக்காங்க, அன்னிக்கு அது அபூர்வமான உலோகம், கட்டிட வேலைக்கு அத பயன்படுத்தின ஆரம்ப கால இடங்கள்ல இது ஒண்ணு.

மாமா, விவேகானந்தர் சிகாகோ வந்தப்போ இது இருந்துச்சா?

இருந்துச்சு. 1893 செப்டம்பர் 11ல அவர் பேசின இடம் மிச்சிகன் அவென்யூல இப்போ ஆர்ட் இன்ஸ்டிடியூட்னு இருக்குற கட்டிடம், இங்க இருந்து சில தெரு தள்ளித்தான். அவர கப்பல் ஏத்தி அனுப்பினதுல மெட்ராஸ் அளசிங்கப் பெருமாளும் அவர் கூட்டாளிங்களும் வீடு வீடா வசூல் பண்ண காசு இருக்கு, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியோட ஆதரவும் இருக்கு. அந்த சர்வமத சபை நடந்ததே உலகக் கண்காட்சியோட சேர்ந்துதான், அந்தக் கண்காட்சியோட கட்டுமானத்துக்கு தலைவர் நம்ம பர்ன்ஹாம். நம்ம ஊர்ல இருந்து வர்றவங்க ஆர்ட் இன்ஸ்டிடியூட் போவாங்க, அப்படியே இத தாண்டிப் போயிடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

உலகத்துலயே உயரமான செங்கல் கட்டிடம் இதுதானாமே?

இப்படி பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. பாரம் தாங்குற சுவர் வச்ச கட்டிடம்னு பாத்தா ஃபிலடெல்ஃபியா சிட்டி ஹால் 548 அடி, அது 1901ல முடிஞ்சது. கோபுரம், சர்ச்னு போனா இன்னும் நிறைய. ஆபீஸ் கட்டிடங்கள்ல, வெளிச்சுவர் செங்கல்லயே பாரம் தாங்கி நிக்கிறதுல, இது கடைசி எல்லை வரைக்கும் போய்ப் பாத்த ஒண்ணு. அந்த அளவுல சொன்னா போதும், அதுவே பெரிய பெருமைதான்.

இன்னொண்ணு, 1893லயே சிகாகோ முனிசிபாலிட்டி புதுக் கட்டிடம் 130 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் போட்டுடுச்சு. ஆக கொஞ்சம் தாமதமாகியிருந்தா இந்த உயரத்துக்கு இது வந்தே இருக்காது.

அந்த ஆறு அடி சுவர் வேஸ்ட்தானே? தரை மாடியில எவ்ளோ இடம் போயிருக்கும்?

சிவில் படிச்ச தம்பி கேட்டது, நியாயமான கேள்வி. 70 அடி அகலத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து 12 அடி சுவரே தின்னுடுது, ஆறுல ஒரு பங்கு. அதுவும் கடை வாடகை அதிகமா வர்ற தரை மாடியில. கணக்குப் படி நஷ்டம். அதனாலதான் இதுக்கப்புறம் இந்த உயரத்துக்கு இந்த முறையில ஆபீஸ் கட்ட யாரும் வரல, பக்கத்துப் பாதியே வரல.

ஆனா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். செங்கல் சுவர் எது வரைக்கும் போகும், எங்க கட்டுப்படியாகாதுன்னு எல்லாரும் பேப்பர்ல கணக்கு போட்டுக்கிட்டு இருந்தப்போ இது நிஜமா கட்டி நிக்க வச்சு காட்டுச்சு. இன்னும் ஒண்ணு, அந்தத் தடிச்ச சுவருக்கு பெயின்ட் கிடையாது, அலங்காரக் கல்லு பேந்து விழுற கவலை கிடையாது. புரூக்ஸ் பிள்ளைங்க காலத்துக்கு கட்டினார், அதையும் தாண்டி வந்துடுச்சு.

இவ்ளோ பழசு, டவுன்டவுன் நடுவுல, இடிக்காம எப்படி விட்டாங்க?

நிறைய பழைய கட்டிடம் போயிடுச்சு, மான்டாக்கும் ஹோம் இன்ஷூரன்ஸும் போன கதைய மேலயே சொன்னேன். இது தப்பிச்சது கொஞ்சம் அதிர்ஷ்டம், நிறைய ஆளுங்களோட உழைப்பு. 1938ல புது ஃபேஷனுக்கு மாத்துறேன்னு லாபிய மாத்தி, பழைய மொசைக் தரைய மூடி, உள்ள ஏகப்பட்ட மாத்தம் பண்ணாங்க. அப்புறம் ஏரியாவே மங்கிப்போச்சு, கட்டிடமும் கவனிப்பில்லாம ஆகிடுச்சு. 1970ல தேசிய வரலாற்று இடங்கள் பட்டியல்ல சேர்த்தாங்க, 1973ல சிகாகோ நகரமும் பாதுகாக்கப்பட்ட கட்டிடமா அறிவிச்சது.

1979ல வில்லியம் டோனல்னு ஒருத்தர் கூட்டாளிங்களோட சேர்ந்து வாங்கினார். ஒரேயடியா மூடி வச்சு வேலை பாக்கல, வாடகைக்கு ஆள் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா, பத்து வருஷத்துக்கும் மேல. பழைய போட்டோவ பாத்து விளக்கு, மரக் கதவு, மொசைக் தரைன்னு ஒவ்வொண்ணா பழைய மாதிரியே செஞ்சு வச்சாங்க. சட்டம் போட்டா இடிக்க முடியாது, அவ்ளோதான். உசுரோட வச்சிருக்க அதுக்குள்ள தினம் ஆள் வந்து போகணும், அத இவங்க பண்ணாங்க. மியூசியம் ஆக்காம ஆபீஸாவே விட்டதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

நாங்க வந்தா எங்க நின்னு பாக்கணும்? உள்ள விடுவாங்களா?

ப்ளூ லைன் ரயில்ல ஜாக்சன் ஸ்டேஷன்ல இறங்குங்க, ஏறி வந்தா பக்கத்துலயே. முதல்ல ஜாக்சன் தெருவுக்கு எதிர்ப்பக்கம், கருப்பா ஒரு ஃபெடரல் ஆபீஸ் டவர் இருக்கு பாருங்க, அது கிட்ட நின்னு வடக்கு முகத்த முழுசா பாருங்க. அப்புறம் டியர்பார்ன் தெருவுல தெற்கு நோக்கி மெதுவா நடந்து, பாதி வழியில சுவர் மாறுற இடத்த நீங்களே கண்டுபிடிங்க, நான் சொல்லிட்டா சுவாரசியம் போயிடும். கடைசியில வான் பியூரன் தெருவுல தலைக்கு மேல ரயில் ஓடும்.

வேலை நாள்ல தரை மாடி காரிடார் திறந்துதான் இருக்கும், தாராளமா நடக்கலாம். ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன கடைங்க, தொப்பிக் கடை, முடி வெட்டுற கடை, காபிக் கடைன்னு மரச்சட்டம் போட்ட கண்ணாடிக்குப் பின்னாடி. வடக்கு வாசல்ல உள்ள நுழையும்போது ஒரு செகண்ட் நின்னு, கதவுக்கு ரெண்டு பக்கமும் சுவரோட ஆழத்த கைய வச்சுப் பாருங்க. எங்க அப்பா அப்படித்தான் கைய வச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "கொத்தனார் பேரு எங்கயாவது எழுதியிருக்கா?"ன்னு கேட்டார். கட்டிடத்த சுத்தி சுத்தி பாத்தோம், எங்கயும் கண்ல படல.